கொசு அல்லாத பெரிய கொசு

மழை விட்ட அந்திப்பொழுதில் விளக்கொளி தேடி வீட்டுக்குள் வரும் பூச்சிகளுள், சுவரிலும் கூரையிலும் மோதி மோதி, தன் கால்களே தனக்குப் பாரம் என்பதுபோல் தள்ளாடிப் பறக்கும் ஒன்று உண்டு. மெலிந்த உடலும், ஒடுங்கி நீண்ட இறக்கைகளும், உடலின் நீளத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத நூல் போன்ற ஆறு கால்களும் கொண்ட அதைக் கண்டவுடன் எவருக்கும் கொசுவின் நினைவே எழும். அதனால்தானோ என்னவோ, தமிழில் அதற்குப் 'பெரிய கொசு' என்பதைத் தவிர நிலைபெற்ற பெயர் எதுவும் வாய்க்கவில்லை. ஆங்கிலேயர் அதன் கால்களைக் கொக்கின் கால்களோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். வயல்வரப்பில் கொக்கைப் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கும் அந்த ஒப்புமை பொருந்துவதால், இந்த அத்தியாயத்தில் அது கொக்கு ஈ என்றே வழங்கப்படும். 1758இல் லின்னேயஸ் அதற்குச் சூட்டிய 'டிப்யூலா' என்ற பெயரோ, நீர்ப்பரப்பின்மேல் ஓடும் எடையற்ற சிறு உயிரைக் குறித்த பழைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கொசு, கொக்கு, நீர்ப்பூச்சி என்று இதற்கு வாய்த்த பெயர்கள் எல்லாமே வேறு உயிர்களிடம் கடன் வாங்கியவை.

கொசுவென்று எண்ணும் மயக்கம் பாமரர்க்கு மட்டும் உரியதன்று. 2018இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்திலிருந்து உலகின் மிகப் பெரிய கொசு கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. இறக்கைகளை விரித்தால் 11.15 செ.மீ. அளவிருந்த அந்தப் பூச்சி ஹொலொருசியா மிகாடோ என்னும் கொக்கு ஈ. அது எவருடைய குருதியையும் உறிஞ்சாது. கொசுவின் தலையிலிருந்து ஊசிபோல் நீளும் உறிஞ்சுகுழல் பெரும்பாலான கொக்கு ஈக்களுக்குக் கிடையாது. குட்டையான வாயுறுப்புகளால் அவற்றுள் சில நீரையும் பூந்தேனையும் நக்கிக் கொள்கின்றன. பல இனங்கள் முதிர்ந்த பின் உண்பதே அரிது. நீண்ட அலகு கொண்ட சில பேரினங்களும் உள்ளன. ஆனால் அந்த அலகு பூக்களின் அடியிலுள்ள தேனுக்கானது. கொசுவின் இறக்கை நரம்புகளில் ஒட்டியிருக்கும் நுண்செதில்கள் கொக்கு ஈக்கு இல்லை என்பதும், அதன் முதுகில், இறக்கைகள் பொருந்தும் பகுதிக்கு நடுவே, ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது என்பதும் இரண்டையும் பிரித்தறிய உதவும் திட்டமான அடையாளங்கள்.

இந்த மயக்கத்தோடு வேறு இரண்டு கட்டுக்கதைகளும் ஒட்டிக்கொண்டுள்ளன. இது கொசுக்களை வேட்டையாடித் தின்னும் என்று அமெரிக்காவின் சில பகுதிகளில் நம்புவதுண்டு. இரையைப் பிடிக்கப் பொருத்தமற்ற வாயோடு பிறந்த பூச்சியால் வேட்டையாட முடியாது. உலகிலேயே கொடிய நஞ்சு இதனிடம் இருப்பதாகவும், தோலைத் துளைக்கும் அளவுக்குப் பல் நீளாததால்தான் மனிதர் தப்பிக்கிறார்கள் என்றும் இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை அதைவிட வேடிக்கையானது. நஞ்சுச் சுரப்பி, பல், கொட்டும் கொடுக்கு ஆகிய எதுவும் இதற்கு இல்லை. பெண் ஈயின் வயிற்று நுனி கூர்மையாக நீண்டிருப்பதைக் கண்டு அதைக் கொடுக்கென்று அஞ்சுவோரும் உண்டு. அது மண்ணைத் துளைத்து முட்டையிடுவதற்கான உறுப்பு. ஆண் ஈயின் வயிறு மழுங்கித் தடித்து முடிவதால், வெறுங்கண்ணாலேயே ஆணையும் பெண்ணையும் அடையாளம் காண இந்த நுனியே போதும்.

பூச்சிகளின் வகைப்பாட்டில் கொக்கு ஈக்கள் டிப்டெரா, அதாவது 'இரண்டு இறக்கையுடையவை' எனப்படும் வரிசையைச் சேர்ந்தவை. கொசு, வீட்டு ஈ, பழ ஈ ஆகியவையும் அதே வரிசையில் அடங்கும். ஒரு காலத்தில் ஒரே குடும்பமாகக் கருதப்பட்ட கொக்கு ஈக்களை இன்று பலரும் டிப்யூலிடே, லிமோனிடே, பெடிசிடே, சிலிண்ட்ரோடோமிடே என்னும் நான்கு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 15,000க்கும் மேல். அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் பரவியுள்ள இவற்றின் மூதாதையரின் புதைபடிவங்கள், டைனோசர்கள் தலையெடுத்த டிரையாசிக் காலத்துப் பாறைகளிலேயே கிடைக்கின்றன. பால்டிக் கடலோரத்து அம்பருக்குள், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினுக்குள், இன்றைய ஈக்களோடு குழம்பிப்போகும் அளவுக்கு ஒத்த உருவங்கள் நான்கு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் சிக்கிக் கிடக்கின்றன.

பறக்கும் முதிர்பூச்சியிடம் கவனிக்கத்தக்கவை இரண்டு: கால், ஹால்டியர். கொக்கு ஈயின் கால் தொட்டவுடன் கழன்றுவிடும் என்பதைச் சிறுவர்கள் கூட அறிவார்கள். இது வலுவின்மை அல்ல, ஏற்பாடு. தொடைக்கு மேலுள்ள ஒரு குறிப்பிட்ட மூட்டில் கால் தானாக முறிந்துகொள்ளும். பறவையோ சிலந்தியோ பிடித்த காலை அதனிடமே விட்டுவிட்டு ஈ தப்பிக்கும். பல்லி வாலை விடுவதோடு இதை ஒப்பிடலாம், ஆனால் பல்லிக்கு வால் மீண்டும் வளர்கிறது, முதிர்ந்த ஈக்குக் கால் வளர்வதில்லை. சில நாள்களே எஞ்சியுள்ள வாழ்வில் நான்கு கால்களோடு காலம் தள்ளுவது அதற்கு நட்டமில்லாத வாணிபம். மேலும், இந்தக் கால்கள் நடப்பதற்கு ஆனவையும் அல்ல, தொங்குவதற்கு ஆனவை. புல்நுனி, இலையின் அடிப்புறம், பாலத்தடியின் இருண்ட சுவர் ஆகியவற்றில் ஈக்கள் கால்களால் பற்றித் தொங்குகின்றன. வெப்பமண்டலத்துச் சில இனங்கள் சிலந்திவலையின் ஒட்டாத இழைகளைத் தேர்ந்து, வலைக்கு உரியவளின் வீட்டிலேயே வரிசையாகத் தொங்கி இளைப்பாறும் துணிச்சல் கொண்டவை.

ஹால்டியர் என்பது பின்னிறக்கை சுருங்கி உருவான உறுப்பு. டிப்டெரா வரிசையின் ஏறத்தாழ எல்லா ஈக்களுக்கும் அது உண்டு என்றாலும், பிற ஈக்களில் உருப்பெருக்கி கொண்டு தேட வேண்டிய அதைக் கொக்கு ஈயில் வெறுங்கண்ணாலேயே காணலாம்: இறக்கைக்குப் பின்னால், மெல்லிய காம்பின் நுனியில் சிறு குமிழ். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒலியின் வேகத்தை அளந்து பெயர்பெற்ற ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம், இந்தக் குமிழ்களை அகற்றிவிட்டால் ஈ நிலைதடுமாறுகிறது என்று எழுதிவைத்தார். கழைக்கூத்தாடியின் கையிலுள்ள கோல்போல எடையால் சமன் செய்யும் கருவி என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது. உண்மை அதைவிட நுட்பமானது என்பதை 1948இல் பிரிங்கிள் என்ற உயிரியலாளர் விளக்கினார். இறக்கை மேலெழும்போது ஹால்டியர் கீழிறங்கி, இறக்கையடிக்கும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் துடிக்கிறது. உடல் சற்றே திரும்பினாலும், ஊசலாடும் பொருள் தன் தளத்தை விட்டு விலகாமல் நிற்க முயல்வதால், காம்பின் அடிப்பகுதி ஒரு புறமாக முறுக்கப்படுகிறது. அங்கே வரிசையாகப் பதிந்திருக்கும் குவிமாட வடிவ நுண்ணுணரிகள் அந்த முறுக்கை அளந்து இறக்கைத் தசைகளுக்கு அறிவிக்கின்றன. விமானங்களில் பயன்படும் சுழல்காட்டி செய்யும் வேலை இதுதான். இத்தனை நுட்பமான கருவியைச் சுமந்துகொண்டு இந்த ஈ ஏன் இவ்வளவு அலங்கோலமாகப் பறக்கிறது என்று வாசகர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. தொங்கும் ஆறு நீண்ட கால்களோடு இந்த அளவுக்காவது பறக்க முடிவதே அந்தக் கருவியின் பெருமை என்று விடை கூறலாம்.

ஆனால் முதிர்பூச்சியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது இந்த உயிரின் கடைசிப் பக்கத்தைப் பற்றிய பேச்சே ஆகும். ஐரோப்பியப் புல்வெளிகளில் மிகுதியாகக் காணப்படும் டிப்யூலா பாலுடோசாவை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். கோடையின் இறுதியில், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் மாலைகளில், கூட்டுப்புழுக்கள் மண்ணிலிருந்து பாதியளவு வெளியே நீட்டி நின்று வெடிக்க, பெண் ஈ இறக்கை உலர்வதற்கு முன்பே காத்திருக்கும் ஆணோடு கூடுகிறது. பிறக்கும்போதே அதன் வயிறு முதிர்ந்த முட்டைகளால் நிறைந்திருப்பதால், தொடக்கத்தில் அது பறக்கவே திணறுகிறது; இருநூறு முந்நூறு கருநிற முட்டைகளுள் பெரும்பகுதியைப் பிறந்த இடத்துக்கு அருகிலேயே மண்ணில் பதித்த பின்னரே உடல் இலேசாகி எழுகிறது. அதற்குப் பின் சில நாள்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம், பிறகு இறப்பு. முட்டையிலிருந்து வெளிவரும் புழுவோ ஏறத்தாழப் பத்து மாதங்கள் மண்ணுக்குள் வாழ்கிறது. இலையுதிர்காலம், பனிக்காலம், வசந்தம் என மூன்று பருவங்களைக் கடந்து, நான்கு வளர்நிலைகளைத் தாண்டிய பின்பே அது கூட்டுப்புழுவாகிறது. கணக்கென்று பார்த்தால் கொக்கு ஈ என்பது ஒரு மண்புழுவைப் போன்ற மண்வாசி. இறக்கை அதற்கு இறுதியில் கிடைக்கும் சில நாள் விடுப்பு.

அந்தப் புழு சாம்பல் நிறமானது, காலற்றது, பதப்படுத்திய தோல்போல் தடித்த மேற்புறம் உடையது, அதனாலேயே ஆங்கில உழவர்கள் அதைத் 'தோல்சட்டை' என்று அழைக்கிறார்கள். தலையை ஆமைபோல் மார்புக்குள் இழுத்துக்கொள்ள வல்லது. அதன் பின்நுனியோ வேடிக்கையானது: வட்டமான தட்டில் கண்கள்போல் இரண்டு கரிய மூச்சுத்துளைகள், அவற்றைச் சுற்றிக் கொம்புகள்போல் சதைப்பற்றான மடல்கள். பின்புறத்தையே முகம் என்று எண்ணச் செய்யும் இந்த அமைப்பின் பயன், மண்ணிலோ சேற்றிலோ தலையைப் புதைத்துக்கொண்டு பின்நுனியை மட்டும் காற்றில் நீட்டி மூச்சுவிடுவதே. நீருக்குள் மூழ்கும்போது மடல்கள் குவிந்து துளைகளை மூடிக்கொள்கின்றன. மடல்களின் எண்ணிக்கை, நீளம், அவற்றிலுள்ள கறுப்புப் புள்ளிகள் ஆகியவற்றைக் கொண்டே புழுக்களின் குடும்பத்தையும் பேரினத்தையும் அறிஞர்கள் கண்டறிகிறார்கள்.

புழுக்கள் வாழும் இடங்களின் பரப்பு வியப்பூட்டுவது. புல்வெளி மண், காட்டுச் சருகு, மட்கிய மரம், பாசிப்படலம், காளான், சதுப்பு, விரைந்தோடும் மலையோடை, நீர் கசியும் பாறையின் மேல் ஒரு தாளளவு படரும் நீர்ப்படலம், அலையடிக்கும் கடற்பாறை என ஈரம் உள்ள இடமெல்லாம் ஏதேனும் ஒரு கொக்கு ஈக்குத் தொட்டில். ஹவாய்த் தீவுகளில் இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டி வாழும் இனமும் உண்டு. உணவும் அவ்வாறே வேறுபடுகிறது. தென்னாசிய மலையோடைகளிலும் பரவலாக உள்ள ஹெக்ஸடோமா பேரினத்தின் புழு ஊனுண்ணி. வயிற்றின் பின்பகுதியைப் பந்துபோல் ஊதிப் பருக்கச் செய்து, கூழாங்கற்களுக்கிடையே தன்னை ஆப்பு அடித்ததுபோல் நிறுத்திக்கொண்டு இரையைத் தாக்குகிறது. டெனோஃபோரா போன்ற, குளவியைப்போல் மஞ்சளும் கறுப்புமாக வேடமிடும் அழகிய ஈக்களின் புழுக்கள் முதிர்ந்த காடுகளில் உளுத்துப்போன மரத்தினுள்ளேயே வளர்வதால், பட்டமரங்களை அப்புறப்படுத்தும் காடுகளில் அவை அருகிவிடுகின்றன.

இவற்றுள் ஓடையில் விழுந்த இலையைத் தின்னும் புழுக்களின் பணி தனித்துச் சொல்லத்தக்கது. நிழல் மூடிய சிற்றோடைக்குள் வெயில் குறைவாகவே நுழைவதால் அங்கே பாசி வளர்ச்சி மிகக் குறைவு. ஓடையின் உயிர்களுக்கு முதலீடு கரையோர மரங்கள் உதிர்க்கும் சருகே. அந்தச் சருகை நேரடியாகத் தின்னக்கூடியவை சில உயிர்களே, ஏனெனில் இலையின் புரதம் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளோடு பிணைந்து செரிக்க முடியாததாகிக் கிடக்கிறது. வட அமெரிக்க ஓடைகளில் வாழும் டிப்யூலா அப்டோமினாலிஸ் என்ற இனத்தின் பெரிய புழுவை ஆராய்ந்தபோது, அதன் நடுக்குடல் பி.எச். 11 என்ற அளவையும் தாண்டிய காரத்தன்மை கொண்டிருப்பது தெரியவந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் தெளிநீரை நெருங்கும் காரம் அது. அந்தக் காரத்தில் டானினின் பிடி தளர்ந்து புரதம் விடுபடுகிறது. எஞ்சிய நாரைப் பின்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. புழுவின் பங்கு போக, நொறுங்கிய துணுக்குகளும் எச்சமும் நீரோட்டத்தில் மிதந்து கீழே செல்ல, வடிகட்டி உண்ணும் சிறு பூச்சிகளும், அவற்றைத் தின்னும் மீன்களும் அதனால் பிழைக்கின்றன.

மனிதர் கொக்கு ஈயின் மேல் வழக்குத் தொடுப்பதும் இந்தப் புழுப்பருவத்தின் பொருட்டே. டிப்யூலா பாலுடோசாவும், அதன் நெருங்கிய உறவான டிப்யூலா ஒலராசியாவும் சருகோடு நின்றுவிடாமல் உயிருள்ள புல், தானியப் பயிர் ஆகியவற்றின் வேரையும் தண்டின் அடியையும் கடிக்கின்றன. இரவில் மேலே வந்து இலைகளையும் அறுக்கின்றன. இதன் புகழ்பெற்ற பலி கிரிக்கெட் உலகின் திருத்தலமான இலண்டன் லார்ட்ஸ் மைதானம். 1935ஆம் ஆண்டு அந்த மைதானத்தின் புல்லை இப்புழுக்கள் தின்று தீர்க்க, ஆடுகளம் ஆங்காங்கே மொட்டையாகிப் புழுதி பறந்தது. அந்த ஆண்டு அங்கே நடந்த டெஸ்ட் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் கால்சுழல் பந்துவீச்சாளர் செனஃபன் பலாஸ்கஸ் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்த, அவரது அணி 157 ஓட்டங்களில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்கா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. பலாஸ்கஸின் விரல்வித்தையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் பந்து அத்தனை திரும்பியதில் காலற்ற சாம்பல் நிறப் புழுவுக்கும் சிறு பங்கு உண்டு.

1955இல் டிப்யூலா பாலுடோசா கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவிலும், 1965இல் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் காணப்பட்டு, அங்கிருந்து அமெரிக்காவின் புல்வெளிகளுக்குள் பரவியது. இன்று இதைக் கட்டுப்படுத்த, புழுவின் உடலுக்குள் புகுந்து அதைக் கொல்லும் ஸ்டைனெர்னிமா என்னும் நுண்ணிய உருளைப்புழுக்களை நீரில் கலந்து மண்ணில் ஊற்றும் முறை வழக்கில் உள்ளது. எல்லாவற்றையும்விட வலிய கட்டுப்பாடு வானிலையே. முட்டைக்கும் அப்போதுதான் பொரித்த புழுவுக்கும் உலர்ச்சியைத் தாங்கும் ஆற்றல் இல்லை. முட்டையிட்ட பின் மழை பொய்த்து மண் காய்ந்தால், எந்த மருந்தும் செய்யாத அளவுக்கு அந்த ஆண்டின் தலைமுறை மடிகிறது.

உழவருக்கு நற்செய்தியான அந்த வறட்சி, மலைச் சதுப்பில் வேறு பொருள் பெறுகிறது. இங்கிலாந்தின் வட மேட்டுநிலங்கள் பீட் எனப்படும், முழுதும் மட்காத பாசி அடுக்கடுக்காகப் படிந்து உருவான ஈரநிலத்தால் மூடப்பட்டவை. மண்புழு வாழ இயலாத அந்தப் புளித்த நிலத்தில் டிப்யூலா சப்நோடிகார்னிஸ் என்ற இனத்தின் புழுக்கள் பெருகி, மே மாத இறுதியையொட்டிச் சில நாள்களுக்குள் ஒரே அலையாக ஈக்களாக எழுகின்றன. அந்த அலையை நம்பியே பொன்னிற உப்புக்கொத்தி என்னும் பறவை தன் முட்டைகளை அடைகாக்கிறது. குஞ்சுகள் ஓடத் தொடங்கும்போது அவற்றின் அலகுக்கு எட்டும் உயரத்தில், பறப்பதில் சோம்பலான, சதைப்பற்றான இரை புல்தோறும் தொங்குகிறது. பீக் மாவட்டத்து மேட்டுநிலத்தில் இப்பறவைகளை நெடுங்காலம் கணக்கெடுத்து, 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அவற்றின் எண்ணிக்கை ஏறி இறங்குவதை ஆகஸ்ட் மாத வெப்பத்தோடு இணைத்தது. இணைப்பு உடனடியானதன்று, இரண்டு ஆண்டு இடைவெளி விட்டது. வெயில் மிகுந்த ஆகஸ்டில் பீட்டின் மேல்தோல் காய்ந்து இளம்புழுக்கள் இறக்கின்றன. அடுத்த வசந்தத்தில் ஈக்கள் குறைகின்றன. அவற்றை நம்பிய குஞ்சுகள் பட்டினியால் மடிகின்றன. அதற்கடுத்த ஆண்டு இணைசேர வரவேண்டிய பறவைகள் வரவில்லை. வெப்பம் பறவையைத் தொடவே இல்லை, ஒரு செ.மீ.க்கும் குறைவான புழுவைத் தொட்டது.

வெப்பத்தை ஒரு மேட்டுநிலத்தால் தடுக்க முடியாது. ஆனால் ஈரத்தைக் காக்க முடியும். மேய்ச்சலுக்காகவும் வேட்டையாடப்படும் பறவைகளுக்காகவும் முற்காலத்தில் அந்தச் சதுப்புகளின் குறுக்கே ஆயிரக்கணக்கான வடிகால்கள் வெட்டி நீரை இறக்கிவிட்டார்கள். அவ்வடிகால்களை இப்போது அடைத்து வருகிறார்கள். நீர் தேங்கிய இடங்களில் கொக்கு ஈக்களின் எண்ணிக்கை கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பீட்டில் அடங்கியுள்ள கார்பனைக் காப்பதே இப்பணியின் முதல் நோக்கம் என்றாலும், அதன் முதல் பயனாளிகளுள் கொக்கு ஈயும் ஒன்று.

ஆய்வகத்திலும் இந்த ஈ சத்தமில்லாமல் உழைத்திருக்கிறது. அதன் ஒரு இனத்தின் விந்தணுத் தாய்ச்செல்லில் குரோமோசோம்கள் எட்டே. அவை பெரியவை, தெளிவானவை. ஆதலால் செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளை ஆராய்ந்தவர்களுக்கு அது உகந்த பொருளாயிற்று. 1954இல் டிப்யூலா பாலுடோசாவின் புழுக்களில் விந்தையான ஒரு நோய் கண்டறியப்பட்டது: நோயுற்ற புழு மயில்கழுத்துபோல் நீலமாக ஒளிர்ந்தது. வைரஸ் துகள்கள் உடலுக்குள் படிகம்போல் ஒழுங்காக அடுக்கடுக்காக நின்று ஒளியைச் சிதறடித்ததே அந்த நிறத்துக்குக் காரணம். 1958இல் வில்லியம்ஸ், ஸ்மித் ஆகிய இருவர், அந்தத் துகளின்மேல் இரு திசைகளிலிருந்து உலோக ஆவியைப் படியவைத்து, விழுந்த நிழல்களின் வடிவத்திலிருந்தே அது இருபது முகங்கள் கொண்ட திண்மம் என்று காட்டினர். வைரஸ்களின் வடிவியல் உறுதிப்பட்ட தொடக்ககாலச் சான்றுகளுள் அது ஒன்று.

ஈரத்தின் பிள்ளையான இந்தக் கூட்டத்தில் பனிக்குப் போய்விட்ட ஒரு கிளையும் உண்டு. கியோனியா என்னும் பேரினத்து ஈக்களுக்கு இறக்கை இல்லை. சிலந்தியோ என்று மயங்கச் செய்யும் உருவத்தோடு, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடுக்குளிர்காலத்தில் பனிப்பரப்பின் மேல் இணை தேடி நடக்கின்றன. பறத்தலைக் கைவிட்ட பின்னும் ஹால்டியர்களை மட்டும் வைத்திருக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவற்றின் உடல் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ் வரை இறங்கினாலும் நடை நிற்பதில்லை. காலின் நுனியில் பனிப்படிகம் உருவாகத் தொடங்கினால், உறைவு உடலை எட்டுமுன் அந்தக் காலை ஈ கழற்றிவிடுகிறது. சிலந்தியிடமிருந்து தப்ப மூதாதையர் அமைத்துக்கொண்ட அதே மூட்டு இங்கே குளிரிடமிருந்து தப்ப உதவுகிறது.

இத்தனை இனங்களுக்கும் பெயர் சூட்டியவர்களின் கதையில் ஒருவரது பங்கு அளவுக்கு மீறியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பேராசிரியராக இருந்த சார்லஸ் பால் அலெக்சாண்டர் (1889–1981) 11,000க்கும் மேற்பட்ட கொக்கு ஈ இனங்களை விவரித்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டு எழுத்துப்பணியில் சராசரியாக இரண்டரை நாளுக்குள் ஒரு புதிய இனம். மனைவி மேபல் அவரது பயணத்திலும் தொகுப்பிலும் இறுதிவரை துணைநின்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் உயிர்வகைகளைப் பற்றிய நூல்வரிசையில் 1912இல் புரூனெட்டி இந்நாட்டுக் கொக்கு ஈக்களைத் தொகுத்திருந்தார். அதற்குப் பின் தென்னிந்திய இனங்களின் பட்டியலைப் பன்மடங்கு பெருக்கியவர் அலெக்சாண்டரே. அவருக்கு அந்த ஈக்கள் கிடைத்தது பெரும்பாலும் ஒரு தமிழரின் வலையிலிருந்து. காரைக்காலை அடுத்த குரும்பகரத்திலும் கோயம்புத்தூர் வட்டாரத்து மலைகளிலும் பூச்சி சேகரித்து உலகின் அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிய பி. சூசைநாதனின் பெயர், ஊசியில் குத்திய எண்ணற்ற பூச்சிகளின் அடியிலுள்ள சிறு அட்டைகளில் இன்றும் உள்ளது. பல பூச்சிகளின் இனப்பெயரிலேயே அது இடம்பெற்றுள்ளது. அவ்வட்டைகளில் அடிக்கடி வரும் ஊர் ஆனைமலையின் சின்கோனா. கொசு பரப்பும் மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் மரத்தால் பெயர்பெற்ற தோட்டத்தில், கொசுவே அல்லாத பெரிய கொசுக்கள் பிடிபட்டன என்பது தற்செயல்தான்.

அட்டையில் ஊர் உண்டு, கடல்மட்டத்திலிருந்து உயரம் உண்டு, நாள் உண்டு, பிடித்தவர் பெயர் உண்டு. அலெக்சாண்டரின் விளக்கக் குறிப்புகளில் இறக்கை நரம்புகளும் ஆண் ஈயின் வயிற்று நுனியும் நுணுக்கமாக வரையப்பட்டுள்ளன. ஆனால் அந்த ஆனைமலை ஈக்களுள் பெரும்பாலானவை எந்தச் சருகில், எந்த ஓடையில், எந்த உளுத்த மரத்தில் புழுவாகக் கிடந்தன என்பது இன்றுவரை எழுதப்படவில்லை.